கொய்யாக்காய் அளவு

மாத்திரையை எப்போது போடுவது என்பதிலேயே அன்றைய காலை சிக்கிக்கொண்டது. ஷமீமா டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றோடு வராதே, ரெண்டு இட்லியாவது தின்னுட்டு வா, கிளம்புறதுக்கு முன்னாடி இந்த வலி மாத்திரையப் போட்டுக்க, பீரியட்ஸ் ஓயுற சமயமாப் பாத்து வா. உலகம்மாள் அதை மனப்பாடமாக வைத்திருந்தாள். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் என்றால் குளிப்பதற்கு முன்னாலா, சேலை கட்டிய பிறகா, வாசலில் செருப்பு மாட்டும்போதா? சீக்கிரம் போட்டால் அங்கே போய்க் காத்திருக்கிற நேரத்தில் மாத்திரையின் வேகம் தீர்ந்துபோகும். பிந்திப் போட்டால் வலி முந்திக்கொள்ளும். உள்ளங்கையில் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் நின்றாள். வெளியே ஆனிக் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அவளை வண்டியில் கூட்டிப்போவதாக இருந்தவன் இசக்கிராஜ், அவள் புருஷன். மின்வாரியத்தில் லைன்மேன். எங்கேயோ தென்னை கம்பிமேல் சாய்ந்துவிட்டது என்று போன் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். ஓடுகிற ஓட்டத்திலேயே, "நான் இல்லாட்டா என்னட்டி, உன் தம்பி சும்மாதான கெடக்கான், அவனக் கூட்டிட்டுப் போ. இன்னைக்கு விட்டா பொறவு ஒரு மாசம் காத்துக் கெடக்கணும்" என்றான். நியாயமான பேச்சுதான். ஒரு மாதம் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. போன தடவை நாள் தள்ளிப்போனபோது பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சோற்றை வாயில் வைத்தால் இறங்கவில்லை. பிள்ளை சிரித்தால் திரும்பிச் சிரிக்க வரவில்லை. ஒன்றுமில்லை என்று ஆனபோது குளியலறையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். ஆனாலும் தம்பியோடு போவது என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தடுக்கியது. என்ன அது என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. சில நினைப்புகள் அப்படித்தான், பார்க்கப் பார்க்கப் பெரிதாகும். சட்டென்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். சரி, ஒன்று முடிந்தது.

குளிக்கும்போது கால்தான் அவளுக்குப் பிரச்சினையாக வந்து நின்றது. நாற்றுப் பண்ணையில் வேலை. நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற கால். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் செம்மண். அந்தக் கால் இரண்டையும் டாக்டரின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைக்க வேண்டுமே. கல்லை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மண் போனது, வெடிப்பு போகவில்லை. டாக்டர் பார்க்கப்போவது என்ன காலையா? எந்த இடத்தைப் பார்க்கப்போகிறாரோ அதைப் பற்றி வெட்கப்படாமல் குதிகாலுக்கு வெட்கப்படுகிறோமே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அந்த இடத்தை அவளே பார்த்ததில்லை. முப்பது வயதுக்கு மேல் ஆகிறது, ஒரு பிள்ளையும் பெற்றாயிற்று, தன் உடம்பில் தான் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது என்பதே போன வாரம்தான் உறைத்தது. டாக்டர் மேசைமேல் ரப்பரில் செய்த ஒன்றை வைத்து விளக்கினார். "இதாம்மா கர்ப்பப்பை. கவுத்துப் போட்ட கொய்யாக்காய் மாதிரி, அவ்வளவுதான்." உலகம்மாள் நம்பவில்லை. பானை அளவாவது இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். இந்தக் கொய்யாக்காய்க்குள்ளா மித்ரா இருந்தாள்? அந்தத் தலை, அந்தக் கை கால், அந்த அழுகை எல்லாம் இதற்குள்ளா கிடந்தன? விரிந்து விரிந்து விலா எலும்புவரை வந்து, ஒரு முழுப் பிள்ளைக்கு இடம் கொடுத்து, அனுப்பிவிட்டு, மறுபடியும் ஒன்றுமே நடக்காத மாதிரி கொய்யாக்காயாகச் சுருங்கிக்கொண்டதா? யாரிடமும் சொல்லாமல், அவளிடம்கூடக் கேட்காமல்? சேலை கட்டுகிறபோது கொசுவத்தைச் செருகிய கை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. கோயிலில் கருவறைக்கு முன்னால் போய் நிற்கும்போது பேச்சு தானாகத் தணியுமே, அப்படி ஒரு தணிவு. சுடிதாரா சேலையா என்று நேற்றெல்லாம் குழம்பியதுகூட மறந்துபோயிற்று.

பிள்ளை பிறந்தபோது சுருங்க வேண்டியது உடனே சுருங்கவில்லை. அதுதான் ஆபத்தாகிப்போனது. ரத்தம் நிற்கவில்லை. கட்டிலிலிருந்து தரையில் சொட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. குழாயை யாரோ சரியாக மூடவில்லை, எழுந்து போய் மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மயங்கிப் போனாள். இசக்கிராஜின் கூட்டாளிகள் வரிசையாக வந்து ரத்தம் கொடுத்தார்களாம். "உனக்குள்ள ஓடுறது பூரா மின்வாரியத்து ரத்தம்ட்டி, தொட்டா ஷாக் அடிக்கும்" என்று அவன் பிறகு கேலி பேசினான். பேசும்போது கண் கலங்கியிருந்தது. மூன்று வருஷமாவது உடம்புக்கு ஓய்வு கொடு, இப்போ இன்னொன்று உண்டானால் தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். பண்ணையில் ஒட்டுமாங்கன்று வாங்க வருகிறவர்களிடம் அவளும் இதையேதான் சொல்லுவாள். நட்ட மறு வருஷமே பூக்கும், ஆசைப்பட்டு விட்டுராதீங்க, பூவக் கிள்ளிப் போட்டுருங்க, மரம் முதல்ல தன் உடம்பத் தேத்திக்கிடட்டும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், எத்தனை பூங்கொத்தைத் தன் கையாலேயே ஒடித்துப் போட்டிருப்பாள், ஒருநாளும் கை கூசியதில்லை. பிறகு ஏன் இன்றைக்குக் கை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது? பயமா? பயம் இருக்கத்தான் செய்தது. கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி, கர்ப்பப்பைக்குள் வைக்கிறது மேலே ஏறி ஏறி நெஞ்சுக்குப் போய்விடும், இருமினால் வாய் வழியாக வரும் என்று கண்ணால் பார்த்த மாதிரி சொல்லியிருந்தாள். டாக்டரிடம் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. "கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கெடையாதும்மா" என்று பொறுமையாகச் சொன்னார். எங்கேயாவது ஒருத்திக்கு இடம் நகரலாம், தானாக வெளியே வந்துவிடலாம், அதற்குத்தான் அடுத்த மாதம் வந்து காட்டச் சொல்கிறேன் என்றார். ஆகவே அந்தப் பயம் இல்லை. இது வேறு. கூரைக்கு மேல் காற்று ஓங்கி அடித்தபோது அவளுக்குத் தோன்றியது, இது பயமே இல்லை, பெரிய ஒன்றுக்குப் பக்கத்தில் போகும்போது வருகிற நடுக்கம்.

"எக்கா, வாரியா? சாரல் விட்டுருக்கு" என்று வாசலிலிருந்து கொம்பையா குரல் கொடுத்தான். தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, சீசனுக்கு அருவியில் குளிக்க வந்தவன், அக்கா வீட்டில் தங்கியிருக்கிறான். செக்கப் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள். மித்ராவை மாமியார் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோழிகளைக் காட்டப் போயிருந்தாள். பார்த்தால் அழும் என்று உலகம்மாள் சந்தடியில்லாமல் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். தென்காசிக்குப் போகிற ரோட்டில் காற்று எதிரில் அடித்தது. அவன் முதுகு அவளுக்குக் காற்றை மறைத்தது. எவ்வளவு அகலமாகிவிட்டது இந்த முதுகு! அவள் இடுப்பில் கிடந்தவன். ஒன்பது வயது இடுப்புக்கு அவன் கனம். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து, இன்றைக்கும் அவளுடைய நடையில் ஒரு சாய்வு உண்டு. அவனைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டிருக்கிறாள். அம்மா இல்லாத வீடு. அவன் பிறந்த அன்றைக்கே இல்லாமல் போன அம்மா. வேனில் போகும்போதே ரத்தம் போய்விட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளை மட்டும் வந்தது, ஒரு பழைய சேலையில் சுற்றி. உலகம்மாள் அதற்கு மேல் போகவில்லை. போனால் காலையில் தடுக்கியது அங்கேதான் கிடக்கும். ரோட்டோரத்துக் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனாள், புதிதாகப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளை மாதிரி.

கிளினிக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் மேசை மின்விசிறியும் மட்டும் ஓடின. மாசமாக இருக்கிற பெண்கள் சிலர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய வயிறுகளை உலகம்மாள் பார்த்தாள். கொய்யாக்காய் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றும் அதிசயமாகத்தான் தெரிந்தது. கொம்பையா ஆண்கள் நிற்கிற இடத்துக்குப் போகாமல் அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் எஸ்தர் அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டி, சந்தையில் கூவுகிற மாதிரி, "காப்பர்-டி வைக்க வந்தது யாரு? உலகம்மாளா? யூரின் போயிட்டு ரெடியா இரும்மா, அடுத்து நீதான்" என்றாள். அத்தனை வயிறுகளும் அவள் பக்கம் திரும்பின. உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கொம்பையா போனைப் பார்த்தபடி குனிந்திருந்தான். திரையில் அந்தப் படம். வெள்ளையாக, டி வடிவத்தில். பக்கத்தில் நிறைய எழுத்து. அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். அவள் உட்கார்ந்தாள். எதுவும் கேட்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தாள். மேசை மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது.

"செக்கப்னு சொன்ன" என்றான்.

"இதும் செக்கப்தான்ல. உங்கிட்ட என்னன்னு சொல்ல?"

"வலிக்குமோ?"

"கொஞ்சம் வலிக்குமாம். மாத்திர போட்டிருக்கேன்."

அவன் தலையாட்டினான். மறுபடி திரையைப் பார்த்தான். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்: "இது ரொம்பக் காலமாவே இருக்கு போலக்கா. அப்பவே இருந்திருக்கு. அம்மா இத வச்சிருந்தான்னா... அவ இருந்திருப்பா. நான்தான் இருந்திருக்க மாட்டேன், இல்லையா?"

காலையிலிருந்து குனிந்து பார்க்காமல் தாண்டித் தாண்டி வந்த அது, இப்படி அவன் வாயிலிருந்தே வந்து விழுந்துவிட்டது. கோபமாக இல்லை, அழுகையாக இல்லை, ஒரு கணக்கைப் போட்டு விடையைச் சொன்ன மாதிரி. உலகம்மாள் வாயைத் திறந்தாள். "ஏலே" என்றாள். அதற்குள் கதவு திறந்தது. "வாம்மா, டாக்டர் கூப்பிடுதாங்க."

பச்சைத் திரைக்குப் பின்னால் உயரமான கட்டில். காலைத் தாங்குவதற்கு இரண்டு பக்கமும் இரும்புக் கிண்ணம் போல ஏதோ. எஸ்தர் அக்கா இப்போது வெளியில் கூவியவளே இல்லை, குரல் மெத்தென்று ஆகிவிட்டது. "இடுப்ப இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு தாயி. ஆங், அப்படித்தான்" என்று சேலையை ஒதுக்கித் துணியைப் போர்த்தினாள். ஷமீமா டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே, "கரண்ட் எப்ப வரும்னு உன் வீட்டுக்காரர்ட்டக் கேளும்மா" என்றார். "அவுகளே கம்பத்து மேலதான் இருக்காக டாக்டர்" என்றாள் உலகம்மாள். தன் குரல் தனக்கே எங்கேயோ தூரத்தில் கேட்டது. டாக்டர் சிரித்தார். உறையைப் பிரித்துக் காட்டினார். ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. வெள்ளைத் தண்டு, அதில் மயிரிழை மாதிரி செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. தலையில் இரண்டு சின்னக் கை. அடியில் நூல். "இந்தக் கை ரெண்டும் மடங்கி இந்தக் குழாய்க்குள்ள போயிரும். உள்ள போனதும் தானா விரிஞ்சுக்கும். உனக்குப் பிள்ளை வேணும்னு தோணுற அன்னைக்கு வா, எடுத்து விட்டுர்றேன்." அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விதை முளைக்கும்போது இரண்டு இலையும் மடங்கித்தான் மண்ணைவிட்டு வெளியே வரும், வந்ததும் விரியும். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். முளைக்க வைப்பதும் அப்படித்தான் விரிகிறது, முளைக்க விடாததும் அப்படித்தான் விரிகிறது. இவ்வளவுதானா? இந்த அளவுக்கா? இதைக் கண்டுதானா அம்மா பயந்தாள்?

அம்மா பயந்தது அவளுக்குத் தெரியும். கொம்பையாவுக்குத் தெரியாது, வேறு யாருக்குமே தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். "ஆழமா மூச்ச இழுத்து விடு" என்றார் டாக்டர். சில்லென்று உலோகம் பட்டது. மேலே நின்றுபோன மின்விசிறியின் இறக்கையைப் பார்த்தபடி அவள் மூச்சை இழுத்தாள், சின்னப் பிள்ளையாகப் பெரியாஸ்பத்திரி கேட் முன்னால் வெயிலில் நின்றாள். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கிராமத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து, பேச்சியம்மா, உன் உடம்புல ரத்தமே இல்ல, லூப்பாவது வச்சுக்கோ என்று, அன்றைக்கு இதற்கு அதுதான் பெயர், படித்துப் படித்துச் சொன்னாள். அதற்குத்தான் அம்மா பஸ் ஏறி வந்தாள். கேட் வரைக்கும் வந்தாள். உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். யாராவது ஒருத்தி அவளைப் பார்த்து வா என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பாளோ என்னவோ. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்புத் தூள் தூவி விற்றுக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்று வாங்கி மகளிடம் கொடுத்தாள். "வாட்டி போவோம். நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளை சிரிக்கிற மாதிரி. உலகம்மாளுக்கும் சந்தோஷமாக இருந்தது. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அவ்வளவுதான் நடந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் அம்மா. போகாததால் கொம்பையா.

"இப்ப கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்" என்றார் டாக்டர். பிடித்தது. இதுவரை அவளுக்குள் ஒருவரும் தொட்டிராத ஓர் இடத்தை ஏதோ ஒன்று தொட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு வலி கிளம்பி முதுகைச் சுற்றிக்கொண்டு தொடைக்கு இறங்கியது. எஸ்தர் அக்கா கையைக் கொடுத்தாள், உலகம்மாள் அதை நெரித்தாள். அம்மா இருந்திருந்தால் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள், யார்தான் நினைக்க மாட்டார்கள். ஆனால் அம்மா இருக்கிற அந்த வீட்டை நினைக்கும்போதெல்லாம் அதில் தம்பியும் இருப்பான். அம்மா சோறு போடுவாள், அவன் தின்பான். அப்படி ஒரு வீடு எந்தக் கணக்கிலும் கிடையாது என்று இன்றைக்கு அவன் சொல்லித்தான் தெரிகிறது. அவனை எடுத்துவிட்டு நினைத்துப் பார்த்தாள். நினைக்கக் கூடாது என்று தோன்றியது, ஆனாலும் வலியில் மனசு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவனை எடுத்தால் அவள் இடுப்பிலிருந்து அந்தக் கனம் போய்விடுகிறது. அவள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து படிக்கிறாள். நாற்றுப் பண்ணைக்கு வேலைக்கு வரவில்லை. பண்ணையில் மோட்டாருக்குக் கரண்டு கொடுக்க வந்த இசக்கிராஜ் ஏணியிலிருந்து இறங்கி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா என்று வேறு யாரிடமோ கேட்கிறான். மித்ரா இல்லை. ஒரு நூலை இழுத்தால் சேலை முழுவதும் பிரிந்துகொண்டே போகிற மாதிரி ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் கட்டிலில் படுத்திருக்கிற அவளே இல்லை. வேறு எவளோ ஒருத்தி, நடை சாயாதவள், எங்கேயோ இருக்கிறாள். இத்தனையும் ஒரு மத்தியானத்தில், ஒரு கேட் முன்னால், ஒரு பொம்பளை தயங்கி நின்ற நேரத்துக்குள் இருந்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்வதா? சரி என்றா? இரண்டு சொல்லும் அதன் காலடிக்குக்கூட எட்டவில்லை. இப்போது இந்த நிமிஷத்திலும் அதே மாதிரி ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்குள் இரண்டு கை விரிகிறது. வரவிருந்த யாரோ வராமல் போகலாம். இன்றைக்கு வராததால் பிறகு வேறு யாரோ வரலாம். அவர்களுடைய முகம் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றவில்லை. மலை உச்சியிலிருந்து விழுகிற தண்ணீரை அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது என்ன சொல்லத் தோன்றும்? வாய் திறந்தபடி நிற்கத்தான் முடியும். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "முடிஞ்சுதும்மா" என்றார் டாக்டர். கத்தரி நூலை நறுக்குகிற சத்தம் கேட்டது. "அழுதியா என்ன? ரொம்ப வலிச்சுதா?" இல்லை என்று தலையை ஆட்டினாள். நிஜமாகவே வலி அப்போது ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் படுக்க வைத்து, தலை சுற்றவில்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். அடுத்த விலக்கு முடிந்ததும் வந்து காட்டு, அதுவரை கனம் தூக்காதே, அதிகமாக ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வா. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். சாரல் மறுபடி பிடித்திருந்தது. கொம்பையா வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கையில் பருத்திப்பால் டம்ளரும் மற்றொரு கையில் அதைச் சாரலிலிருந்து மறைக்கத் தன் ஹெல்மெட்டுமாக நின்றான். "சூடா குடி. நல்லதுன்னு கடக்காரர் சொன்னாரு" என்றான். கடைக்காரரிடம் என்னவென்று சொல்லிக் கேட்டானோ. அவள் குடித்தாள். கருப்பட்டி இனிப்பு தொண்டையில் இறங்கியது. அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். தாடி சரியாக முளைக்காத இடங்கள், புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு, சாரலில் நனைந்த மூக்கு. இதெல்லாம் இல்லாமலே போயிருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றையும் முதல் தடவை பார்க்கிற மாதிரி இருந்தது.

"நீ கேட்டது சரிதான்ல" என்றாள். "அவ இருந்திருப்பா. நீ இருந்திருக்க மாட்ட."

அவன் கீழே பார்த்தான். "நான் சும்மாதான்க்கா சொன்னேன்."

"இரு, சொல்லுதேன். உள்ள படுத்துக் கெடந்து ரெண்டையும் நெனச்சுப் பாத்தேன். அவ இருக்கணும்னு நெனச்சேன். நெனக்காம இருக்க முடியுமா? ஆனா நீ இல்லாம ஒண்ணையும் நெனச்சு முடிக்க முடியலல. எங்க ஆரம்பிச்சாலும் வந்து உங்கிட்டதான் முட்டுது." டம்ளரை அவனிடம் நீட்டினாள். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வண்டிய எடு."

அவன் டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான். ஓட்டினான் என்று சொல்ல முடியாது, உருட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிறுத்தி, வேகத்தடைக்குக் காலை ஊன்றி, பின்னால் முட்டைக் கூடையைக் கட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி போனான். "விழுந்துராதுல, நல்லாத்தான் போயேன்" என்று அவள் அதட்டியும் கேட்கவில்லை. அடிவயிறு விட்டு விட்டு இழுத்தது. அந்த இழுப்பைக்கூட அவள் கூர்ந்து கவனித்தாள். உள்ளே வந்திருக்கிறது யார் என்று கொய்யாக்காய் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது போல. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. பஸ், ஆட்டோ, வாழைத்தார் ஏற்றிய வண்டி எல்லாம் வரிசையில் நின்றன. கொம்பையா எஞ்சினை அணைத்தான். காற்று மட்டும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்த வயலைப் படுக்கவைத்துப் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. அவன் திரும்பாமலே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, கேட்டான்.

"எக்கா, அம்மா எப்படிப்பட்டவக்கா?"

அவள் திடுக்கிட்டாள். இத்தனை வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. படத்தைப் பார்ப்பான், திதியன்றைக்குச் சூடம் காட்டுவான், போய்விடுவான். கேட்கிறதுக்குத் தனக்கு உரிமை இல்லை என்று இருந்துவிட்டானா? அவளும் சொன்னதில்லை. சொன்னால் அவனைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று எல்லாருமே பேசாமல் விட்டு, அம்மாவைச் சுவரில் ஒரு படமாக ஆக்கிவிட்டார்கள். என்ன சொல்ல? நல்லவள், பாசக்காரி, இதெல்லாமா? அதெல்லாம் செத்துப்போன எல்லாருக்கும் சொல்வது. அவள் கண்ணை மூடினாள். நிறைய வந்தது. வந்ததில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று முந்திக்கொண்டு நின்றது.

"அவ விசிலடிப்பா" என்றாள்.

"என்னது?"

"நெசமாத்தான்ல. சோளக் காட்டுல கிளி வெரட்டும்போது. நாக்க மடிச்சு, ரெண்டு வெரல வச்சு. ஊருக்கே கேக்கும். பொம்பள அடிக்கிற விசிலான்னு அப்பா திட்டுவாரு. அவரு அந்தப் பக்கம் போனதும் இன்னும் சத்தமா அடிப்பா."

கொம்பையா ஹெல்மெட்டைக் கழற்றினான். முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். சிரிக்கலாமா என்று தெரியாமல் அவன் உதடு தவித்தது. "எப்படி? எப்படி அடிப்பா?"

உலகம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பஸ் ஜன்னலில் முகங்கள். வெட்கமாக இருந்தது. அம்மா அவளுக்கு வயல் வரப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அம்மா போன பிறகு ஒருநாளும் அவள் அடித்துப் பார்த்ததில்லை. நாக்கை மடித்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள். ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. அடிவயிறு சுண்டியது. விரலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூச்சைப் பிடித்து மறுபடி ஊதினாள். பீறிக்கொண்டு கிளம்பியது சத்தம். வாழைத்தார் வண்டிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார், பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை கைதட்டியது, வயலிலிருந்து நாலைந்து கொக்குகள் எழும்பின.

கொம்பையா அவற்றைப் பார்க்கவில்லை. கேட் திறந்து, பின்னால் ஆரன்கள் அலறத் தொடங்கியும் அவன் வண்டியை எடுக்கவில்லை. விரல் ஈரத்தோடு சிரித்துக்கொண்டிருந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் படமாக மட்டுமே தெரிந்த அம்மாவை முதல் தடவையாக நேரில் பார்க்கிற பார்வை அது.